பருவத்தே உண்போம்!

இந்தியாவில் 31 கோடிக்கும் மேற்பட்டோர் உயர் ரத்த அழுத்தம் உடையவர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் பலருக்குத் தங்களுக்கு அந்நோய் இருப்பதே தெரியாது. வலியோ காய்ச்சலோ இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ரத்தக் குழாய்களைச் சிதைத்து, ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ அது வெளிப்படுகிறது. உழைத்து ஈட்டுபவர் படுக்கையில் விழும்போது, மருத்துவச் செலவும் வருவாய் இழப்பும் ஒருசேர அக்குடும்பத்தைத் தாக்குகின்றன.

ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் மருத்துவர்கள் முதலில் கூறுவது, 'உப்பைக் குறையுங்கள்' என்பதுதான். மிகச் சரியான அறிவுரை. ஆனால், அது பாதி அறிவுரை மட்டுமே. உப்பிலுள்ள சோடியத்தைக் குறைக்கும்போதே, காய், கனி, கீரை, பயறுகளில் உள்ள பொட்டாசியத்தைக் கூட்ட வேண்டும் என்பது மறுபாதி. அந்த மறுபாதி நம் வீடுகளில் அதிகம் பேசப்படுவதில்லை.

சிறுநீரகம் தான் வடிகட்டும் சோடியத்தின் பெரும்பகுதியை மீண்டும் ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. உணவில் பொட்டாசியம் போதிய அளவு இருந்தால் இவ்வாறு திரும்பும் சோடியத்தின் அளவு குறைந்து, கூடுதல் சோடியம் சிறுநீருடன் வெளியேறுகிறது. ரத்தக் குழாய்களின் சுவர்த் தசைகள் தளர்வதற்கும் பொட்டாசியம் துணைபுரிகிறது. இவ்விரு வழிகளிலும் ரத்த அழுத்தம் தணிகிறது.

வயதுவந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மிகாமல், உப்பு உண்ண வேண்டும் என்றும், குறைந்தது 3,500 மில்லிகிராம் பொட்டாசியம் பெற வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நாமோ உப்பில் வரம்பை மீறுகிறோம், பொட்டாசியத்தில் பின்தங்குகிறோம். தட்டு நிறைய வெள்ளை அரிசிச் சோறும் ஓரத்தில் ஒரு கரண்டி பொரியலும் என்ற உணவு முறையில் பொட்டாசியத்துக்கு இடம் குறைவு.

அமெரிக்காவில் 459 பேரிடம் நடத்தப்பட்டு 1997-ஆம் ஆண்டு வெளியான 'டேஷ்' ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. உப்பின் அளவை மாற்றாமல், காய்கனிகளையும் கொழுப்பு குறைந்த பால் பொருள்களையும் மிகுதியாகக் கொண்ட உணவு ஒரு பிரிவினருக்கு எட்டு வாரங்கள் வழங்கப்பட்டது. வழக்கமான உணவு உண்டவர்களோடு ஒப்பிடுகையில், இப்பிரிவில் உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு மேல் அளவு 11 புள்ளிகளுக்கும் மேல் குறைந்தது. இதற்குப் பொட்டாசியம் மட்டுமே காரணமன்று. மெக்னீசியம், கால்சியம், நார்ச்சத்து ஆகியவற்றுக்கும் பங்குண்டு. அதனால்தான் மாத்திரையாக விழுங்குவதைவிட உணவாக உண்பதே சிறந்தது.

இவ்வுணவுகளுக்காக நாம் வெளிநாட்டுப் பழங்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. தை மாதத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மொச்சையும் அவரையும் சந்தைக்கு வருகின்றன. பங்குனி, சித்திரையில் முருங்கைக்காய் காய்த்துக் குலுங்குகிறது. கோடையில் இளநீர், மழைக்குப் பின் அரைக்கீரையும் தண்டுக்கீரையும். வாழையோ ஆண்டு முழுவதும் உண்டு. 100 கிராம் வாழைப்பழத்தில் ஏறத்தாழ 350 மில்லிகிராமும், அதே அளவு சர்க்கரைவள்ளிக் கிழங்கில் 300 மில்லிகிராமுக்கு மேலும், முருங்கைக்காயில் ஏறத்தாழ 400 மில்லிகிராமும் பொட்டாசியம் உள்ளது. உலர்ந்த பச்சைப்பயறு 100 கிராமில் 1,000 மில்லிகிராமுக்கும் மேல். விளைச்சல் மிகும் பருவத்தில் இவற்றில் பலவும் விலை மலிந்து கிடைக்கின்றன.

பருவத்துக்கும் உப்புக்கும் உள்ள தொடர்பையும் நாம் சிந்திக்க வேண்டும். பருவத்தில் விளைந்ததைப் பருவம் கடந்து உண்பதற்கு நம் முன்னோர் கண்ட வழிகளுள் முதன்மையானது உப்பு. மாவடு, நாரத்தங்காய், மோர் மிளகாய், வற்றல், வடகம், கருவாடு அனைத்தும் அவ்வாறு வந்தவையே. மழைக்காலத்தில் காய்கறி கிடைக்காத காலத்தில் அது அறிவார்ந்த ஏற்பாடு. இன்று ஆண்டு முழுவதும் லாரிகளில் காய்கறி வந்து இறங்குகிறது. காரணம் மறைந்துவிட்டது, பழக்கம் மட்டும் நீடிக்கிறது. போதாக்குறைக்கு, பொட்டலங்களில் அடைத்த நொறுக்குத் தீனிகளும் சேர்ந்துகொண்டன.

தக்காளியையே எடுத்துக்கொள்வோம். 100 கிராம் பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் உண்டு. சோடியம் மிகச் சொற்பம். அதே தக்காளி 'சாஸ்' ஆகிப் புட்டிக்குள் புகும்போது, 100 கிராமில் பல நூறு மில்லிகிராம் சோடியம் ஏறிவிடுகிறது. உறைகளின் மீது சோடியம் என்று குறிக்கப்பட்டுள்ள அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். கடையில் அரை நிமிடம் செலவிட்டால் போதும்.

விளைச்சல் மிகுந்து விலை வீழும் நாள்களில், பறிப்புக் கூலிக்கும் கட்டுப்படியாகாமல் தக்காளியை விவசாயிகள் சாலையோரம் கொட்டிச் செல்லும் காட்சியை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். உண்ண வேண்டியவர்களுக்குப் பற்றாக்குறை, விளைவித்தவருக்கு நஷ்டம் என்ற இந்த முரண் சந்தை ஒழுங்கின்மையின் விளைவு. 1999-இல் தொடங்கப்பட்ட உழவர் சந்தைகளும், சத்துணவுக் கூடங்களும், அரசு விடுதிகளும் நம்மிடம் உள்ளன. விலை சரியும் வாரங்களில் அந்தந்தப் பகுதியின் விளைபொருளை அரசு கொள்முதல் செய்து இக்கூடங்களுக்கு அளித்தால், உழவருக்கும் உண்பவருக்கும் ஒருசேர நன்மை விளையும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிச் சென்று ரத்த அழுத்த மாத்திரை வழங்கும் களப் பணியாளர்கள், அந்தப் பருவத்தில் எதை உண்ணலாம் என்றும் எடுத்துக் கூறலாம்.

சமையலறையிலும் சிறு மாற்றம் தேவை. பொட்டாசியம் நீரில் கரையக்கூடியது. கீரையையும் கிழங்கையும் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட்டால் சத்தும் உடன் போய்விடும். அளவான நீரில் வேகவைத்து, அந்நீரைக் குழம்பிலோ ரசத்திலோ சேர்க்கலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களின் உடலிலிருந்து பொட்டாசியம் சரிவர வெளியேறாது. அது மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறி உயிருக்கு ஆபத்தாகும். டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற சில மாத்திரைகளும் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கக்கூடியவை. இத்தகையோர் மருத்துவரைக் கேட்காமல் நாள்தோறும் இளநீர் அருந்துவதும், பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைப் பயன்படுத்துவதும் கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் பழத்தையும் கிழங்கையும் அளவோடு நிறுத்தி, கீரைக்கும் பயறுக்கும் முதலிடம் தர வேண்டும். உணவை மாற்றிவிட்டோம் என்று தாங்களாகவே மாத்திரையை நிறுத்துவது யாருக்கும் தகாது.

மாத்திரை அதன் பணியைச் செய்யட்டும். அதற்குத் துணை நிற்கும் உணவு நம் ஊர்ச் சந்தையிலேயே குவிந்து கிடக்கிறது. அடுத்த முறை சந்தைக்குச் செல்லும்போது, இந்த மாதம் என்ன விளைந்திருக்கிறது என்று கேட்டு வாங்குவோம். ஊறுகாய்க்கு ஒதுக்கிய இடத்தில் இன்னொரு கரண்டி கீரையை வைப்போம்.