கருவியும் சாகவில்லை, சொஃப்ட்வெயரும் சாகவில்லை

போன எபிசோட்டில் பழைய லேப் கொம்பியூட்டர்களைப் பற்றி ஐந்து நிமிஷம்தான் கதைக்கக் கிடைத்தது. "அந்த மிஷினுக்குக் கடைசியில என்ன நடந்தது, சொல்லாமலே முடிச்சிட்டீங்களே" என்று கேட்டவர்களுக்காக மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது கனடாவில் ஒரு பல்கலைக்கழக லேப்பில். அங்கே ஒரு ஃபுளோரசன்ஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு நிற ஒளியைத் திரவத்துக்குள் விட்டு, அந்தத் திரவம் திருப்பி என்ன ஒளியை விடுகிறது என்று அளக்கிற கருவி. 1990களின் கடைசியில் வாங்கியது. விளக்கை நேரத்துக்கு மாற்றினால் போதும், இன்னும் கனகாலம் ஓடும். அதை இயக்கிய விண்டோஸ் எக்ஸ்பி கொம்பியூட்டர்தான் ஒரு திங்கட்கிழமை காலை கண் முழிக்கவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தால் மதர்போர்டில் கப்பாசிட்டர்கள் ஊதிப்போய் நிற்கின்றன.

அந்த லேப்பில் எங்கட பிள்ளை ஒருத்தி பி.எச்.டி. செய்கிறாள். இலையும் மண்ணும் ஊறி ஆற்றுத் தண்ணீரில் கரைகிற பொருட்கள் காலத்தோடு எப்படி மாறுகின்றன என்பதுதான் அவளுடைய ஆய்வு. நாலு வருஷச் சாம்பிள்களையும் இந்த ஒரே மிஷினில்தான் அளந்திருக்கிறாள். கடைசிப் பருவத்துப் போத்தல்கள் பிரிட்ஜில் இருந்தன. அவற்றைக் கனநாள் வைத்திருக்க ஏலாது, பக்டீரியா தின்னத் தொடங்கினால் அளவே மாறிவிடும். வேறு மிஷினில் அளந்தாலோ பழைய எண்களோடு பொருத்துவது பெரிய தலையிடி. "அண்ணா, இண்டைக்குச் சரிவருமா?" என்று தினமும் வந்து நிற்பாள்.

நான் செய்த முதல் வேலை, எல்லாரும் செய்கிற பிழை. ஓடிப்போய்ப் புது விண்டோஸ் 11 கொம்பியூட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். பழைய கொம்பியூட்டரில் இருந்த ஜி.பி.ஐ.பி. கார்டைக் கழற்றினால், புதியதில் அதைச் செருக இடமே இல்லை. அது பழைய பி.சி.ஐ. வகை. சொஃப்ட்வெயர் சி.டி.யைப் போட்டால், "இது உங்கள் கொம்பியூட்டரில் ஓடாது" என்று ஒரே வரியில் பதில்.

இந்த ஜி.பி.ஐ.பி. என்ன என்று கேட்பீர்கள். 1960களின் கடைசியில் ஹியூலெட்-பேக்கார்ட் தன்னுடைய அளவுக் கருவிகளை ஒன்றோடொன்று பேச வைக்க உருவாக்கிய இணைப்பு. 1975-இல் ஐ.ஈ.ஈ.ஈ. 488 என்று பொதுத் தரமானது. பெருவிரல் மொத்தத்தில் கேபிள், 24 ஊசி, ஒன்றின் முதுகில் மற்றதைச் செருகலாம். யூ.எஸ்.பி. பிறப்பதற்கு இருபது வருஷம் முந்தியது, உலகத்து லேப்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

சரி, ஏன் ஓடவில்லை? உங்களில் பலர் சின்ன வயதில் அம்மம்மாவோடு டொக்டரிடம் போய் மொழிபெயர்த்திருப்பீர்கள். டொக்டருக்குத் தமிழ் தெரியாது, அம்மம்மாவுக்கு இங்கிலிஷ் தெரியாது. நடுவில் நீங்கள். அந்த நடுவில் நிற்கிற பிள்ளைதான் ட்ரைவர். எங்கட கதையில் அம்மம்மா கருவி, டொக்டர் சொஃப்ட்வெயர். இரண்டு பேரும் நல்ல சுகம். மொழிபெயர்க்கிற பிள்ளையைத்தான் ஆஸ்பத்திரி உள்ளே விடவில்லை.

விண்டோஸ் 11 வருவது 64 பிட்டில் மட்டும்தான். 64 பிட் விண்டோஸில் 32 பிட் சொஃப்ட்வெயர் பிரச்சினையில்லாமல் ஓடும், அதற்கென்று உள்ளே ஒரு ஏற்பாடு இருக்கிறது. ட்ரைவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அது கேர்னல் என்கிற உள்ளறைக்குள்ளேயே வேலை செய்வதால், 64 பிட்டாக இருக்கவேண்டும், டிஜிட்டல் கையொப்பமும் வேண்டும். எங்கள் பழைய ட்ரைவரிடம் இரண்டுமே இல்லை. 16 பிட் புரோகிராம் என்றால் ஓடவே ஓடாது. இதில் ஒரு பகிடி இருக்கிறது: அந்தக் காலத்துச் சொஃப்ட்வெயர் பலவற்றில் உள்ளே இருப்பது 32 பிட், ஆனால் இன்ஸ்டால் செய்கிற புரோகிராம் மட்டும் 16 பிட். எங்கள் சி.டி.யும் அப்படித்தான். வீடு நல்ல வீடு, படலை மட்டும் பூட்டு.

அதனால் இன்ஸ்டால் செய்வதை விட்டுவிட்டுப் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஐ.டி.ஈ.-யை யூ.எஸ்.பி.யாக மாற்றுகிற அடாப்டரில் போட்டேன். டிக், டிக் என்று ஒரு சத்தம். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வேறொன்றிலும் கை வைக்காமல் முதலில் முழு டிஸ்க்கையும் அப்படியே இமேஜ் எடுத்தேன். நல்ல காலம். அந்தக் கருவியின் திருத்தக் கோப்பு, அதாவது அதன் டிடெக்டர் எந்த அலைநீளத்தில் எவ்வளவு கூட்டிக் குறைத்துக் காட்டும் என்கிற கணக்கு, சி.டி.யில் இல்லை. உலகத்திலேயே அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. அது போயிருந்தால் நாலு வருஷ எண்களோடு ஒப்பிடுகிற கதையும் அதோடு போயிருக்கும்.

இனி மொழிபெயர்ப்பாளர். சொஃப்ட்வெயர் கார்டோடு நேரே பேசுவதில்லை. ஒரு டி.எல்.எல். கோப்பைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இதை எழுது, அதை வாசி" என்று சொல்லும். புதிய ட்ரைவர் அதே பெயரில், அதே கட்டளைகளை ஏற்கிற 32 பிட் டி.எல்.எல். ஒன்றைக் கொடுத்தால், கீழே இருப்பது பழைய கார்டா புது யூ.எஸ்.பி. அடாப்டரா என்பது சொஃப்ட்வெயருக்குத் தெரியவே தெரியாது. ட்ரைவர் ஒத்துப்போகிறது என்பதற்கு நடைமுறையில் அர்த்தம் இதுதான். ஆகவே அடாப்டர் வாங்கும்போது "விண்டோஸ் 11-இல் ஓடுமா?" என்று மட்டும் கேட்டால் காணாது. நான் முதலில் வாங்கிய மலிவு அடாப்டர் விண்டோஸில் வடிவாகத் தெரிந்தது, ஆனால் எங்கள் சொஃப்ட்வெயர் தேடிய டி.எல்.எல். அதோடு வரவில்லை. இரண்டாவதில் வந்தது. பழைய போல்டரைக் கொப்பி பண்ணி, புரோகிராமைத் திறந்து, கருவியின் முகவரி எண்ணைக் கொடுத்தேன். உள்ளே இருந்த மோட்டார் "கிர்ர்" என்று சுழன்றது. அந்தச் சத்தத்துக்கு லேப்பில் இருந்த நாலு பேரும் கை தட்டினோம்.

சாம்பிள் மாற்றுகிற தட்டு மட்டும் அடம்பிடித்தது. அது பழைய சீரியல் போர்ட்டில் ஓடுவது, அதனால் யூ.எஸ்.பி. சீரியல் கேபிள். விண்டோஸ் அதற்கு 7-ஆம் நம்பர் கொடுத்தது, சொஃப்ட்வெயருக்கோ 1, 2 தான் தெரியும். டிவைஸ் மனேஜரில் நம்பரை மாற்றியதும் ஓடியது, ஆனால் நடுநடுவே நின்றது. எஃப்.டி.டி.ஐ. சிப் உள்ள கேபிள்களில் லேட்டன்சி டைமர் என்று ஒன்று இருக்கிறது. சும்மா விட்டால் 16 மில்லிசெக்கன், அதாவது சின்னப் பதில் வந்தாலும் கொஞ்சம் சேரட்டும் என்று காத்திருக்கும். பழைய சொஃப்ட்வெயருக்கு அந்தப் பொறுமை இல்லை. 1 ஆக்கினேன், சரி. (மலிவுக் கேபிளில் போலிச் சிப் இருக்கலாம், கவனம். 2014-இல் வந்த ஒரு ட்ரைவர் அப்டேட் போலி எஃப்.டி.டி.ஐ. சிப்களை வேலை செய்யாமலே ஆக்கியது.)

"எக்ஸ்பியை வி.எம்.-இல் போட்டால் முடிஞ்சுதே" என்று சிலர் சொல்வீர்கள். யூ.எஸ்.பி. சாதனம் என்றால் அது நல்ல வழி, நானும் டிஸ்க் இமேஜை ஒரு வி.எம். ஆக்கி வைத்திருக்கிறேன். ஆனால் உள்ளே செருகும் பழைய கார்டுக்கு வி.எம். உதவாது, கார்டைப் போட ஒரு இடம் வேண்டுமே. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் திகதியே முடிந்துவிட்டது. அதனால் அந்த வி.எம்.-க்கு நெட்வேர்க் கிடையாது, கோப்புகள் உள்ளே வெளியே போவது ஒரு போல்டர் வழியாக மட்டும்.

மோட்டார் சுழன்றவுடன் சாம்பிளை வைக்க நான் விடவில்லை. அவளுக்குக் கோபம். சுத்தமான தண்ணீரை வைத்து 350 நானோமீட்டர் ஒளியை விட்டால், ராமன் சிதறலால் 397-இல் ஒரு சின்ன மேடு வரவேண்டும். தண்ணீர் எந்த நாட்டிலும் தண்ணீர்தான், அந்த மேடு இடம் மாறாது. அவள் நாலு வருஷமாக ஒவ்வொரு முறையும் அளக்கும் முன் இதை அளந்து கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். புதுக் கொம்பியூட்டரில் மூன்று தரம் அளந்தோம். மேடு 397-இல். உயரமும் அவளுடைய கொப்பியில் இருந்த வழக்கமான அளவுக்குள். பிறகுதான் பிரிட்ஜைத் திறந்தாள். அந்தக் கிழமையே எல்லாப் போத்தல்களும் முடிந்தன.

டிஸ்க் இமேஜும் ட்ரைவர் இன்ஸ்டாலரும் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன. பக்கத்து அறையில் விண்டோஸ் 98-இல் ஓடுகிற இன்னொன்று நிற்கிறது, உள்ளே ஐ.எஸ்.ஏ. கார்டோடு. இந்த வெள்ளிக்கிழமை அது நல்லபடி ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றப் போகிறேன். பேராசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை.