செகண்ட் ஹேண்ட் பிஸ்டல்: முதல்ல சிலிண்டரைத் திருப்பிப் பாருங்க

பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல மனு பாக்கர் மெடல் வாங்கினதுக்கு அப்புறம் எனக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துட்டே இருக்கு. "அண்ணா, பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் ஆரம்பிச்சிருக்கேன், ரேஞ்சுல கிளப் பிஸ்டல்தான் தர்றாங்க, சொந்தமா ஒண்ணு வாங்கணும், புதுசு வாங்கக் காசு இல்ல. செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?" வாங்கலாம். நானும் அப்படித்தான் வாங்கினேன். வாங்கி ஏமாந்தேன். அதனால இந்த எபிசோடை எங்கே ஆரம்பிக்கணும்னு எனக்கு நல்லாவே தெரியும்.

என் முதல் பிஸ்டல் 95,000 ரூபாய். அம்மா சீட்டு எடுத்த பணம். வித்தவர் நல்ல மனுஷன், பெட்டி, மேனுவல், சின்ன டூல்கிட் எல்லாம் கொடுத்தார். மூணு மாசம் சந்தோஷமா சுட்டேன். அப்புறம் ஒரு போட்டி. காலையில எக்யுப்மென்ட் கன்ட்ரோல்ல பிஸ்டலை நீட்டினேன். அந்த ஆபீசர் ட்ரிகரைப் பார்க்கல, பிடியைப் பார்க்கல. பேரலுக்குக் கீழே இருக்கிற சிலிண்டரை மெதுவா திருப்பினார், கண்ணாடியை ஏத்திவிட்டு தேதியைப் படிச்சார். "தம்பி, இது 11 வருஷம் ஆச்சே" என்றார். அவ்வளவுதான். அன்னைக்கு நான் சுடவே இல்லை. வித்தவருக்கு போன் பண்ணினேன். பாவம், அவருக்கே தெரியாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? இப்போ வர்ற போட்டி பிஸ்டல்கள்ல பெரும்பாலானவை அழுத்தப்பட்ட காத்துல ஓடுது. அந்தச் சின்னக் குழாய்க்குள்ள 200 பார் வரைக்கும் காத்து அடைச்சு வச்சிருப்போம். கார் டயர்ல இருக்கிறது சுமார் 2.2 பார். கிட்டத்தட்ட 90 மடங்கு. அதை விரலுக்கு ஒட்டி வச்சுக்கிட்டு, முகத்துக்கு நேரா நீட்டி நிக்கிறோம். உலோகம் ஒவ்வொரு தடவை நிரப்பும்போதும் கொஞ்சம் விரியும், காலியாகும்போது சுருங்கும். அதனாலதான் ஆயுள் குறிச்சு வைக்கிறாங்க. வழக்கமா 10 வருஷம். கணக்கு ஆரம்பிக்கிறது தயாரிச்ச தேதியில இருந்து, நீங்க வாங்கின தேதியில இருந்து இல்லை. பீரோவுல சும்மா வச்சிருந்தாலும் வருஷம் ஓடும். தேதி செல்லுதாங்கிறது சுடுறவரோட பொறுப்புன்னுதான் விதி சொல்லுது. வித்தவரைக் கை காட்ட முடியாது.

அதனால போன்ல விலை பேசறதுக்கு முன்னாடியே சிலிண்டர் தேதியோட க்ளோஸ்-அப் போட்டோ கேளுங்க. தேதி முடிஞ்சிருந்தா பிஸ்டலே வீண்னு அர்த்தம் இல்லை. புது சிலிண்டர் வாங்கிக்கலாம். ஆனா அந்த விலையைக் கழிச்சுட்டுப் பேசணும். ஒரு கம்பெனி சிலிண்டர் இன்னொரு கம்பெனி பிஸ்டலுக்குப் பொருந்தும்னு நம்பிடாதீங்க. வெளிநாட்டுல இருந்து வரணும்னா காத்திருக்கவும் செய்யணும். நான் நாலு மாசம் காத்திருந்தேன்.

நேர்ல போகும்போது ஒரு நாளைக்குச் செய்யற வேலையா நினைச்சுப் போகாதீங்க, முடிஞ்சா ரெண்டு நாள். முதல் நாள் சாயந்திரம் சிலிண்டரை நிரப்பச் சொல்லுங்க. நிரப்பும்போது காத்து சூடாகும், ஆறினதும் முள் கொஞ்சம் இறங்கும். அது கசிவு இல்லை. அரை மணி நேரம் விட்டு, அப்போ மானோமீட்டர் காட்டுற எண்ணை போட்டோ எடுத்துக்கோங்க. மறுநாள் காலையில திரும்பப் பாருங்க. நல்லா இறங்கியிருந்தா எங்கேயோ ஓ-ரிங் போயிருக்கு. ஓ-ரிங் சின்ன செலவுதான், பயப்பட வேண்டாம். ஆனா அதை மாத்தத் தெரிஞ்ச ஆள் உங்க ஊர்ல இருக்காரான்னு முதல்ல கேட்டுக்கோங்க.

அடுத்தது ரெகுலேட்டர். சிலிண்டர்ல 200 பார் இருந்தாலும் 100 பார் இருந்தாலும், ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே அளவு அழுத்தம் கொடுக்கிற பாகம் இது. அஞ்சு ஷாட் சுடுங்க, பத்து நிமிஷம் பேசிட்டு இருங்க, திரும்ப அஞ்சு. யார்கிட்டயாவது க்ரோனோகிராஃப் இருந்தா கெஞ்சியாவது வாங்கிட்டுப் போங்க. பெல்லட் வேகம் நொடிக்கு 150 மீட்டர் பக்கத்துல வரும். ரெஸ்ட்டுக்கு அப்புறம் வர்ற முதல் ஷாட் மட்டும் ஒவ்வொரு தடவையும் எகிறினா ரெகுலேட்டர் சர்வீஸ் கேக்குதுன்னு அர்த்தம்.

எல்லாரும் கேக்கிற கேள்வி, "எத்தனை ஆயிரம் ஷாட் சுட்டிருக்கு?" என்னைக் கேட்டா அது ரெண்டாம்பட்சம். ஈயப் பெல்லட் ரொம்ப மென்மையானது, காத்துல போற வேகமும் குறைவு, பேரல் சீக்கிரம் தேயாது. தேயறது சீல், ஸ்பிரிங், ட்ரிகர் பாகங்கள். அதனால ட்ரிகரைப் பாருங்க. ஏர் பிஸ்டல் ட்ரிகர் குறைஞ்சது 500 கிராம் தாங்கணும். பேரலை மேல் நோக்கி நிறுத்தி, ட்ரிகர்ல 500 கிராம் எடையை மாட்டி தூக்கணும், ட்ரிகர் விழக் கூடாது. அஞ்சு தடவை தூக்குங்க. ரெண்டு தடவை நின்னு மூணாவது தடவை விழுந்தா, போட்டி காலையிலும் அதுதான் நடக்கும். எலக்ட்ரானிக் ட்ரிகர்னா புது பேட்டரி போட்டுச் சோதிங்க. டோக்கியோவுல மனு பாக்கருக்கே தகுதிச் சுற்று நடுவுல பிஸ்டல் பழுதாகி நிமிஷங்கள் போச்சு. பைனலும் கைநழுவிப் போச்சு.

பிடி விஷயம் கொஞ்சம் வேடிக்கை. நிறைய பேர் மரப்பிடியை ரம்பம், உப்புத்தாள், புட்டின்னு வச்சுத் தங்கள் கைக்குத் தகுந்த மாதிரி செதுக்கியிருப்பாங்க. அடுத்தவங்க செருப்பு மாதிரி அது. சைஸ் சரியா இருக்கும், மேடுபள்ளம் வேற. சின்னக் கையா இருந்து பெரிய பிடி வந்தா புட்டி போட்டு நிரப்பலாம். ரொம்பச் செதுக்கின சின்னப் பிடியைப் பெருசாக்கறது பெரிய வேலை. இடது கைக்காரங்க வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுடுங்க, போட்டோவுல ஏமாந்த ஆளை எனக்குத் தெரியும்.

பட்ஜெட் ரொம்பக் கம்மின்னா? பழைய சிங்கிள் ஸ்ட்ரோக் பிஸ்டல்களைத் தேடுங்க. ரஷ்யாவோட இஷ்-46 மாதிரி. ஒவ்வொரு ஷாட்டுக்கும் லீவரை இழுத்து மூடணும், சிலிண்டரே கிடையாது, அதனால காலாவதித் தேதியும் கிடையாது. லீவரை மூடிட்டு ஒரு நிமிஷம் விட்டுச் சுடுங்க, சத்தம் சோர்ந்துபோனா சீல் போச்சு. 60 ஷாட் மேட்ச்ல கை வலிக்கும், உண்மை. பழகுறதுக்கு அதுவே போதும்.

அப்போ 0.22? அது வேற உலகம். 0.177 அளவுல 20 ஜூலுக்குள்ள இருக்கிற ஏர் பிஸ்டலுக்கு நம்ம நாட்டுல லைசென்ஸ் தேவையில்லை. நம்ம பிஸ்டல் பெல்லட்டுக்கு 6 ஜூல் பக்கம்தான். 0.22 ஃபயர் ஆர்ம், லைசென்ஸ் இல்லாம கையில வாங்கவே கூடாது. லைசென்ஸ் வாங்கி, 25 மீட்டருக்குப் போற காலத்துல பழசு பார்க்கிறவங்களுக்கு ஒரே ஒரு குறிப்பு: ரிம்ஃபயர்ல ஃபயரிங் பின் தோட்டாவோட விளிம்புல அடிக்கும். தோட்டா இல்லாம ட்ரிகரை இழுத்துப் பழகியிருந்தா, பின் சேம்பர் விளிம்புலயே அடிச்சு தழும்பு விட்டிருக்கலாம். டார்ச் அடிச்சுப் பாருங்க. தழும்பு பெருசா இருந்தா தோட்டா உள்ளே போறதும் வெளியே வர்றதும் தகராறு.

இந்த ஞாயிறு என் சித்தி பொண்ணுக்காக ஒரு பிஸ்டல் பார்க்கப் போறோம். விக்கிறவர் 14 போட்டோ அனுப்பியிருக்கார். பெட்டி, பிடி, சைட், டெஸ்ட் கார்டு எல்லாம் அழகா இருக்கு. சிலிண்டர் இருக்கிற ரெண்டு படத்துலயும் தேதி இருக்கிற பக்கம் கீழே இருக்கு. திருப்பி வச்சு ஒண்ணு அனுப்புங்க சார்னு கேட்டிருக்கேன். இன்னும் வரலை.