முதலிடம் பெறும் பாட்டு

மேனாட்டுப் பொப் இசையைப் பற்றிய விமரிசனங்களைப் படிப்போர், பாட்டின் நயத்தைக் காட்டிலும் அது பெற்ற இடத்தைப் பற்றிய பேச்சே அவற்றில் மிகுந்திருப்பதைக் காண்பர். இன்ன பாட்டு இவ்வாரம் முதலிடம் பெற்றது, இன்ன பாடகர் பழைய சாதனையை முறியடித்தார் என்பனவே தலைப்புகளாகின்றன. ஆயின், அந்த இடம் எவ்வாறு கணிக்கப்படுகின்றது என்று வினவுவோர் சிலரே.

இங்கிலாந்தில் இவ்வழக்கம் தோன்றிய வரலாறு சுவையானது. 1952 நவம்பர் 14ஆந் திகதி, 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' என்னும் சஞ்சிகை, விற்பனையில் முன்னின்ற இசைத்தட்டுகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதன்பொருட்டுப் பேர்சி டிக்கின்ஸ் என்பார் ஏறக்குறைய 20 கடைகளுடன் தொலைபேசியில் பேசி விற்பனை நிலவரத்தைக் கேட்டறிந்தார். அவ்வளவே. அன்று முதலிடம் பெற்றவர் அல் மார்ட்டினோ. ஒரு நாட்டின் இசை விருப்பத்தைச் சில கடைக்காரரின் வாய்மொழி தீர்மானித்தது என்று நகைக்கலாம். எனினும் அங்கே எண்ணப்பட்டது யாது என்பதில் ஐயமில்லை. காசு கொடுத்து வாங்கப்பட்ட தட்டே எண்ணப்பட்டது. அதே ஆண்டில் இலங்கை வானொலியில் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா'வும், அமீன் சயானியின் இனிய குரலில் இந்தித் திரைப்பாடல்களை வரிசைப்படுத்தியபோது, தட்டு விற்பனையையே பெரிதும் துணைக்கொண்டது. அதனோடு நேயர் மன்றங்களின் விருப்பமும் சேர்ந்தது.

ஐக்கிய அமெரிக்காவில் 'பில்போர்ட்' சஞ்சிகை கடைச் சிப்பந்திகளின் கூற்றை நம்பியே இசைத்தொகுதிகளை நெடுங்காலம் வரிசைப்படுத்தி வந்தது. 1991 மே மாதத்தில் அம்முறை கைவிடப்பட்டு, விற்பனையாகும் ஒவ்வொரு தொகுதியின் கோட்டுக் குறியீட்டையும் இயந்திரம் படித்துக் கணக்கிடும் முறை வந்தது. அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ. என்னும் றப் இசைக் குழுவினரின் தொகுதி முதலிடத்தை அடைந்தது. செப்டெம்பரில், கிராமிய மணங் கமழும் 'கன்ட்றி' இசைப் பாடகர் கார்த் புறூக்ஸின் தொகுதி வெளிவந்தவுடனேயே முதலிடத்தில் அமர்ந்தது. மக்களின் சுவை சில வாரங்களில் மாறிவிடவில்லை. கறுப்பின இளைஞரும் நாட்டுப்புறத்தாரும் வாங்கிய தட்டுகள் அதுவரை குறைத்தே மதிக்கப்பட்டு வந்தன. அதனை அறியாத விமரிசகர் பலர், எவருக்கும் வேண்டாத இசையென அவற்றை ஒதுக்கி எழுதியிருந்தனர்!

பின்னர் இணையவழிக் கேட்புமுறை, அதாவது ஸ்ட்ரீமிங், வந்தது. தட்டை வாங்கியவர் அதனை நூறு முறை கேட்டாலும், உறைகூடப் பிரிக்காது அலுமாரியில் வைத்தாலும், அது ஒரு விற்பனையே. இணையத்திலோ ஒவ்வொரு கேட்பும் கணக்கில் ஏறுகின்றது. 'ஸ்பொட்டிஃபை' நிறுவனம் 30 விநாடி ஓடிய பாட்டைக் கேட்கப்பட்டதாகவே கொள்கின்றது. ஆகவே நீண்ட முன்னிசையைக் குறைத்துப் பல்லவியை விரைந்து தொடங்குவதும், ஒரே தொகுதியில் இருபதுக்கு மேற்பட்ட பாட்டுகளை நிரப்புவதும் தொழில் தந்திரங்களாயின.

2018 யூலையில் டிரேக் என்னும் பாடகரின் 7 பாட்டுகள் அமெரிக்காவின் 'ஹொட் 100' வரிசையில் முதற் பத்து இடங்களுள் நின்றன. 1964இல் 5 பாட்டுகளால் பீட்டில்ஸ் குழுவினர் நாட்டிய சாதனை வீழ்ந்தது என்று பத்திரிகைகள் முழங்கின. ஒப்பிடத் தகாதவற்றை ஒப்பிட்ட முழக்கம் அது. பீட்டில்ஸின் அவ்வைந்தும் தனித்தனித் தட்டுகள். நான்கு வெவ்வேறு இசைத்தட்டு முத்திரைகளின் வெளியீடுகள். தனித்தட்டாக வெளிவராத பாட்டு 1998 டிசெம்பர் வரை அவ்வரிசைக்குள் நுழையவே முடியாது. டிரேக்கின் ஏழும் 25 பாட்டுகள் கொண்ட ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. இதனால் டிரேக்கின் திறமை குறைந்துவிடாது. பீட்டில்ஸின் திறமை உயர்ந்துவிடவும் மாட்டாது. பாட்டைக் கேட்டு எழுத வேண்டிய விமரிசகர் எண்ணைக் கண்டு எழுதியதே பிழை.

இங்கிலாந்தில் 2017 மார்ச்சில் எட் ஷீரனின் தொகுதியிலிருந்த 16 பாட்டுகளும் முதல் இருபது இடங்களுட் புகுந்தன. பிறருக்கு இடமில்லாது போகவே, ஒரு பாடகர் முதன்மைக் கலைஞராக மூன்று பாட்டுகளுக்கு மேல் வரிசையில் இடம்பெறலாகாது என அவ்வாண்டின் நடுப்பகுதியில் விதி செய்யப்பட்டது. அமெரிக்காவில் அத்தகைய விதி ஏற்படவில்லை. ஆகவே 2022 ஒக்ரோபரில் டெய்லர் சுவிப்டின் 'மிட்நைட்ஸ்' வெளிவந்தபோது, அமெரிக்க வரிசையின் முதற் பத்து இடங்களும் அவருக்கே உரியனவாயின. இங்கிலாந்திலோ அதே தொகுதிக்குக் கிடைத்தவை மூன்று இடங்கள்.