ஜாடியில் அடைத்த பிராணவாயு

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. மூக்கருகிலேயே இருந்தும் கண்ணுக்கு அகப்படாத இவ்வாயுவைத் தனியே பிடித்து வைப்பது எப்படி என்று பார்ப்போமா, தோழியரே?

1774ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி பெரியதொரு குவிலென்சால் வெயிலைக் குவித்து, பாதரச ஆக்ஸைடைச் சூடாக்கி இதைப் பெற்றார். பாதரச ஆவி நஞ்சு. ஆகையால் நமக்கு அந்த வழி வேண்டாம்.

நாங்கள் செய்தது பாடநூலில் உள்ள பழைய முறை. 4 கிராம் பொட்டாசியம் குளோரேட்டுடன் 1 கிராம் மாங்கனீஸ் டை ஆக்ஸைடைக் கலந்து, கடினக் கண்ணாடிச் சோதனைக்குழாயில் இட்டோம். இங்கே ஓர் எச்சரிக்கை. மாங்கனீஸ் டை ஆக்ஸைடு கறுப்புத் தூள், கரித்தூளும் கறுப்புத்தான். கை தவறி மாற்றிப் போட்டுச் சூடாக்கினால் வெடித்துவிடும். ஆதலால் எங்கள் ஆசிரியை புட்டியின் சீட்டை மட்டும் நம்பாமல், சிட்டிகை அளவு கலவையைத் தனியே சூடாக்கிப் பார்த்த பிறகே எங்களைத் தொடங்கவிட்டார்.

குழாயின் வாய் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி தாங்கியில் பொருத்த வேண்டும். இல்லையேல் வாயருகே படியும் நீர்த்துளி சூடான அடிப்பாகத்திற்கு ஓடிக் கண்ணாடியைப் பிளந்துவிடும். போக்குக்குழாயின் மறுமுனை தொட்டி நீருக்குள் இருக்கும். முதலில் வரும் குமிழிகள் குழாயிலிருந்த காற்றே. அவற்றை விட்டுவிட்டு, நீர் நிரப்பிக் கவிழ்த்த ஜாடியைப் பிறகு வைக்க வேண்டும். வாயு ஏற ஏற நீர் இறங்கும். பிராணவாயு நீரில் மிகச் சிறிதளவே கரைவதால் இம்முறை பலிக்கிறது. (அந்தச் சிறிதளவுதான் மீன்களுக்கு உயிர்!) 4 கிராம் குளோரேட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயு, அதாவது கால் லிட்டர் ஜாடிகள் நான்கு கிடைக்கும்.

நான்காவது ஜாடி நிறைந்ததும் ஒருத்தி ஆர்வத்தில் விளக்கை முதலில் எடுத்துவிட்டாள். குழாய்க்குள்ளிருந்த வாயு குளிர்ந்து சுருங்கியது. வெளிக்காற்றின் அழுத்தம் தொட்டி நீரைப் போக்குக்குழாய் வழியே மேலே தள்ளியது. "குழாயை எடு!" என்று ஆசிரியை கூவுவதற்குள் "டப்" என்ற ஓசை! சோதனைக்குழாய் இரண்டாகப் பிளந்தது. நல்ல வேளை, யாருடைய முகமும் அருகில் இல்லை. போக்குக்குழாயை நீரிலிருந்து எடுத்த பின்பே விளக்கை அகற்ற வேண்டும் என்பதை நூலில் பலமுறை படித்திருந்தோம். அன்றுதான் புரிந்தது.

மிஞ்சியிருந்த ஜாடிகளைக் கண்ணாடித் தட்டால் மூடி நிமிர்த்தி வைத்தோம். இவ்வாயு காற்றைவிடச் சற்றுக் கனமானது. தணலாக இருந்த ஊதுவத்தியை உள்ளே விட்டதும் குப்பென்று சுடர்விட்டது. கந்தகம் அழகிய நீலச் சுடருடன் எரிந்தது. ஆனால் அதன் புகை எங்களை ஜன்னலுக்கு விரட்டியது.

ஹைட்ரஜன் பெராக்ஸைடு கரைசலை மாங்கனீஸ் டை ஆக்ஸைடின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டாலும் பிராணவாயு வரும். அதற்கு விளக்கே வேண்டாம். மறுவாரம் மீதி ஜாடிகளை அப்படித்தான் நிரப்பினோம்.