"நம்ம புள்ளைங்க சண்டை போடாது": உயில் இல்லாவிட்டால் வில்லியனூர், பாகூர் நிலம் யாருக்குப் போகும்?

பாகூர் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை, வில்லியனூரில் ஒரு மனை, வங்கியில் டெபாசிட், பீரோவில் நகை. புதுச்சேரியின் கிராமக் கொம்யூன்களில் பல குடும்பங்களின் சொத்து இவ்வளவுதான். "இதுக்கெல்லாம் எதுக்கு உயில்? நம்ம புள்ளைங்க சண்டை போடாது" என்பதுதான் வீட்டில் வரும் முதல் பதில்.

பிள்ளைகள் சண்டை போடாமலே இருக்கலாம். ஆனால் உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், அந்தச் சொத்தைப் பிரிக்கும் வேலையைச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. யார் கடைசிவரை பார்த்துக்கொண்டார், யாருக்கு ஏற்கெனவே சீர் செய்தாச்சு, யார் வீட்டுக் கடனைக் கட்டினார் என்பதையெல்லாம் சட்டம் கேட்காது. பங்கு எத்தனை, ஆள் எத்தனை, அவ்வளவுதான் கணக்கு.

அந்தக் கணக்கு எப்படிப் போகிறது? பார்க்கலாம்.

சட்டம் போடும் கணக்கு

ஓர் உதாரணம். பாகூரில் ஒருவர், தானே சம்பாதித்து வாங்கிய நிலத்தை விட்டுவிட்டு உயில் எழுதாமல் இறக்கிறார். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். அவருடைய அம்மாவும் உயிரோடு இருக்கிறார். 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இந்த 5 பேருமே முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு 5-ல் 1 பங்கு.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. பாட்டிக்கு வந்த அந்த ஒரு பங்கு, அவரும் உயில் எழுதாமல் காலமானால், பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் வராது. பாட்டியின் மற்ற பிள்ளைகளுக்கும், அதாவது சித்தப்பா, பெரியப்பா, அத்தைகளுக்கும் அதில் உரிமை உண்டு. அப்பா வாங்கிய நிலத்தை விற்க, அத்தையின் கையெழுத்தும் தேவைப்படும் நிலை இப்படித்தான் வருகிறது.

ஐ.டி. வேலையில் இருக்கும் இளைஞர்களுக்கும் இதே கணக்குதான். கல்யாணம் ஆகாத மகன் உயில் எழுதாமல் இறந்தால், அவன் சொத்து முழுவதும் அம்மாவுக்குப் போகும். அப்பா இரண்டாம் வகுப்பு வாரிசு. அம்மா இருக்கும்போது அவருக்குப் பங்கு இல்லை. கல்யாணமாகி, குழந்தை இல்லை என்றால் மனைவிக்கும் அம்மாவுக்கும் ஆளுக்குப் பாதி. மனைவியும் சேர்ந்து இ.எம்.ஐ. கட்டிய ஃபிளாட், கணவன் பெயரில் மட்டும் இருந்தாலும் இதே பாதிதான்.

பெண்கள் ஏன் கட்டாயம் எழுத வேண்டும்?

கல்யாணமான ஓர் இந்துப் பெண் உயில் இல்லாமல் இறந்தால், அவர் சம்பாதித்த சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் போகும். அவர்கள் யாரும் இல்லையென்றால் அடுத்த இடம் அவருடைய அப்பா அம்மாவுக்கு இல்லை, கணவனின் வாரிசுகளுக்கு.

இது வெறும் புத்தகச் சட்டம் இல்லை. கல்யாணமான மூன்றே மாதத்தில் கணவனை இழந்து, பிறந்த வீட்டுக்குத் திரும்பி, படித்து, வேலைக்குப் போய்ச் சம்பாதித்த ஒரு பெண்ணின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர் உயில் எழுதவில்லை. 2009-ல் வந்த தீர்ப்பில், அவருடைய சேமிப்பு அவரைப் படிக்கவைத்த பிறந்த வீட்டுக்குக் கிடைக்கவில்லை. கணவன் வழி உறவினர்களுக்குப் போனது. அனுதாபம் வேறு, சட்டம் வேறு என்பதே நீதிமன்றத்தின் நிலை.

2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே, பெண்கள் தங்கள் சொத்துக்கு உயில் எழுதி வைக்க வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தது. ஒரே ஒரு தாள் இருந்திருந்தால் அந்த 2009 வழக்கின் முடிவே வேறாக இருந்திருக்கும்.

அப்பா அம்மாவிடமிருந்து வந்த சொத்துக்கு விதி வேறு. பிள்ளைகள் இல்லையென்றால் அது அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும்.

புதுச்சேரிக்கு ஏன் தனிக் கதை?

வில்லியனூர், பாகூர் பக்கம் தாத்தா காலத்து நிலம் என்றால் சிக்கல் இன்னும் கொஞ்சம் கூடும். காரணம், பிரெஞ்சு ஆட்சி.

புதுச்சேரி 1954 நவம்பர் 1-ல் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். இந்து வாரிசுரிமைச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தது 1963 அக்டோபர் 1-ல்தான். அதற்கு முன் இங்கே இருந்த இந்து வழக்கச் சட்டம், பக்கத்துக் கடலூர், விழுப்புரம் பகுதிகளில் இருந்ததைப் போன்றது இல்லை. அந்தப் பக்கம் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு. இந்தப் பக்கம், அப்பா உயிரோடு இருக்கும்வரை அவரே முழு உரிமையாளர்.

அடுத்த வித்தியாசம் 1989-ல். தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தி, அப்போது கல்யாணம் ஆகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தது. அந்தத் திருத்தம் புதுச்சேரிக்குப் பொருந்தாது. நாடு முழுவதுக்குமான 2005-ம் ஆண்டுத் திருத்தத்தில்தான் இங்குள்ள மகள்களுக்கு அந்த உரிமை வந்தது. 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. "வாய்ப்பேச்சாவே பாகம் பிரிச்சாச்சு" என்பதைச் சாதாரணமாக ஏற்க முடியாது. அதற்கு அரசு ஆவணம் போன்ற வலுவான ஆதாரம் வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வரப்பைக் காட்டிப் பிரித்துக்கொண்ட குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆக, பழைய நிலம் என்றால் முதல் கேள்வி, "யார், எந்த ஆண்டு இறந்தார்?" என்பதுதான். பதிலைப் பொறுத்துப் பங்கே மாறலாம். இந்த விவரம் தெரிந்த தலைமுறை இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு பிரிவினரும் இங்கே உண்டு. 1881 செப்டம்பர் 21 ஆணையின் கீழ், தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்' குடும்பங்கள். இவர்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. பிரெஞ்சு சிவில் சட்டத்தில் பிள்ளைகளுக்கு என ஒதுக்கப்பட்ட பங்கில் கை வைக்க முடியாது. ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் பாதி, இரண்டு பிள்ளைகள் என்றால் 3-ல் 1 பங்கு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 4-ல் 1 பங்கு மட்டுமே விருப்பப்படி எழுதலாம். முஸ்லிம்களுக்கும் பொதுவாக 3-ல் 1 பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. கிறிஸ்தவக் குடும்பங்களும், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் இருக்கும் குடும்பங்களும் தனியாக வழக்கறிஞரைப் பார்ப்பதே சரி.

'நாமினி போட்டாச்சே?'

பலரும் நினைப்பது போல நாமினி என்பவர் வாரிசு இல்லை. பொதுவாக அவர் பணத்தை வாங்கி, உரியவர்களிடம் சேர்க்க வேண்டியவர் மட்டுமே. பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு கொஞ்சம் மாற்றம் உண்டு: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால், பணம் அவர்களுக்கே உரியது.

அதற்காக நாமினி வேண்டாம் என்று அர்த்தமில்லை. வங்கியில் பணம் சீக்கிரம் கைக்கு வர அது உதவும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு 4 நாமினிகள் வரை போடலாம். பி.எஃப். கணக்கு உள்ளவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினேஷன், கல்யாணம் ஆனதும் செல்லாது. யு.ஏ.என். போர்ட்டலில் புதிதாகப் போட வேண்டும்.

உயிலா, செட்டில்மென்ட்டா?

"உயிரோட இருக்கும்போதே எழுதிக் கொடுத்துட்டா பிரச்சினை இல்லையே" என்று சிலர் தான செட்டில்மென்ட் செய்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

செட்டில்மென்ட் பத்திரம் பதிவானதும் சொத்து கைமாறிவிடும். நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. உயில், எழுதியவர் இறந்த பிறகே உயிர் பெறும். அதுவரை சொத்து அவருடையது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி எழுதிக் கொடுத்து, பிறகு கைவிடப்பட்ட பெற்றோருக்கு 2007-ம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் வழி உண்டு. அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் 'பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தால்தான் வாதம் வலுவாக நிற்கும்.

உயில் எழுதுவது எப்படி?

* 18 வயது நிரம்பிய, தெளிவான மனநிலையில் உள்ள யாரும் எழுதலாம். தமிழிலேயே எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும்.

* எழுதியவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். குறைந்தது 2 சாட்சிகள் அதைப் பார்த்து, அவர் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும்.

* சொத்து பெறப்போகிறவரையோ அவருடைய கணவன், மனைவியையோ சாட்சியாக்க வேண்டாம். வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றம் வர வேண்டியிருக்கும். அதனால் வயதில் இளையவர்களாக இருப்பது நல்லது.

* நிலத்தைச் சரியாக அடையாளம் சொல்லுங்கள். ஊரில் 'குழி' கணக்கில் பேசினாலும், பட்டாவில் இருப்பது ஹெக்டேர், ஆர், சென்டியார். ஆர்.எஸ். எண், கதாஸ்தர் எண், பட்டா எண், நான்கு எல்லை எல்லாவற்றையும் எழுத வேண்டும். 'ஏரிக்கரை ஓரத்து நிலம்' என்று மட்டும் எழுதினால் போதாது.

* பூர்வீகச் சொத்து என்றால், தன் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும். முழு நிலத்தையும் எழுத முடியாது.

* ஒரு பிள்ளைக்குக் கூடவோ குறைத்தோ கொடுத்தால், காரணத்தை இரண்டு வரியில் எழுதுங்கள். சந்தேகம் கிளம்புவது பெரும்பாலும் இங்கேதான். சொத்து பெறப்போகும் பிள்ளையே முன்னின்று உயிலைத் தயார் செய்தால் நீதிமன்றங்கள் அதைக் கூர்ந்து பார்க்கும்.

* பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் வில்லியனூர், பாகூரில் உள்ள சார்பதிவாளர் அலுவலகங்களில் பதிவு செய்துவிட்டால், தாள் தொலைந்துபோகும் பயமும் 'இது போலி' என்ற பேச்சும் குறையும். வயதானவர் என்றால் மருத்துவரிடம் ஒரு சான்று வாங்கி வைப்பதும் உதவும்.

அதற்கு முன் ஒரு வேலை

உயில் எழுத உட்காரும் பல குடும்பங்கள் முதல் வரியிலேயே நின்றுவிடும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். அப்பா அந்த நிலத்தில் 40 வருஷம் பயிர் வைத்திருக்கலாம். ஆவணத்தில் அவர் பெயர் இருக்காது. அப்படி இருந்தால் பெரியப்பா, அத்தை வழி வாரிசுகளின் பங்கும் அதற்குள்தான் இருக்கிறது.

வேலையை இந்த வரிசையில் செய்யலாம். முதலில் புதுச்சேரி அரசின் 'நிலமகள்' தளத்தில் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு வில்லங்கச் சான்றிதழ். அடுத்து, இறந்தவரின் இறப்புச் சான்றிதழ், தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ். பங்காளிகள் ஒத்துக்கொண்டால் பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ பதிவு செய்துவிட்டு, பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

இதைச் செய்ய நல்ல நேரம், கையெழுத்துப் போட வேண்டிய பெரியவர்கள் எல்லாரும் இருக்கும் இப்போதுதான். ஒரு அத்தை காலமானால் ஒரு கையெழுத்துக்குப் பதில் அவருடைய பிள்ளைகளின் நாலு கையெழுத்து தேவைப்படும். அதில் ஒருவர் பாரிஸிலோ துபாயிலோ இருந்தால் வேலை இன்னும் இழுக்கும். நெல் விளைந்த நிலம் மனை விலைக்குப் போன பிறகு, முன்பு "வேணாம், தம்பியே வச்சிக்கட்டும்" என்றவர்களும் யோசிப்பார்கள்.

அப்பாவிடம் "உயில் எழுதுங்க" என்று எடுத்த எடுப்பில் கேட்பது எந்த வீட்டிலும் சங்கடம்தான். "அப்பா, பட்டா யார் பேர்ல இருக்குன்னு போன்ல பாக்கலாமா?" என்று கேட்பது எளிது. கூடவே, உங்கள் பெயரில் உள்ள கணக்குகள், டீமேட், காப்பீடு பற்றிய ஒரு பட்டியலையும் எழுதி, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.