குளிர்காலம் வருமுன்னர்

முதுமையின் குளிரைத் திருவிவிலியம் அறியாததல்ல. அரசர்கள் முதல் நூலைத் திறந்ததும் நாம் காண்பது, எத்தனை போர்வைகளால் போர்த்தியும் உடல் சூடேறாத வயோதிபத் தாவீதைத்தான். கவண் சுழற்றிக் கோலியாத்தை வீழ்த்திய அதே கை, இறுதிக் காலத்தில் கட்டிலில் கிடந்து நடுங்கியது. வீரமும் அரசும் இருந்தன; உடம்பில் சூடு மட்டும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு தை மாதக் காலையில், திருப்பலி முடிந்த பின்னர் முதியவர் ஒருவர் பங்குமனைக்கு வந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கனடாவில் பிள்ளைகளோடு வாழ்ந்து வருபவர். முழங்கால் வாதமும் இழுப்பும் அவரை வாட்டின. “சுவாமி, அங்கே கார்த்திகையில் வீட்டுக்குள் போனால் பங்குனியில்தான் வெளியே வருகிறேன். இங்கே வந்து மூன்று கிழமைதான் ஆகிறது, பொல்லைக் கையில் எடுக்கவில்லை. இனி இங்கேயே இருந்துவிடலாமென்று நினைக்கிறேன். பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?” என்று கேட்டார்.

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. குருமடத்தில் கற்ற மெய்யியலும் இறையியலும் இத்தகைய கேள்விகளுக்கு அதிகம் உதவுவதில்லை. ஆயினும் அன்று முதல் இதைப் பற்றிச் சற்று வாசிக்கவும் வைத்தியர்களிடம் விசாரிக்கவும் தொடங்கினேன். அதே கேள்வி இன்று பல குடும்பங்களில் எழுவதால், அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கின்றேன்.

உடல்நலம் நாடிச் சூடான நாட்டுக்குச் செல்வது நம்மவர் கண்டுபிடித்த வழியன்று. பிரித்தானிய முதியோர் ஸ்பெயினின் அலிகான்ரே, மாலகா கரையோரங்களுக்குச் செல்கின்றனர். கனடிய முதியோர் பனிக்காலத்தில் புளோரிடாவுக்குப் பறக்கின்றனர். அதற்கும் முன்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டில், காசநோயாளரைத் தெற்கே அனுப்புவதே ஐரோப்பிய வைத்தியர்களின் வழக்கமாயிருந்தது. ஆங்கிலக் கவிஞர் ஜோன் கீற்ஸ் 1820ஆம் ஆண்டின் இறுதியில் ரோமாபுரிக்கு வந்து சேர்ந்தார். 1821 பெப்ரவரி 23ஆந் திகதி, தமது 25ஆவது வயதில் அங்கேயே கண்மூடினார்.

போலந்து நாட்டு இசைமேதை ஷோபனின் கதை இன்னும் படிப்பினை மிக்கது. 1838 நவம்பரில் அவர் மயோர்க்கா தீவில் இறங்கியபோது வெயில் இதமாயிருந்தது. சில நாட்களுக்குள் மழை பிடித்துக்கொண்டது. அவருக்குக் காசநோய் என்ற பேச்சுப் பரவியதும் வீட்டுக்காரர் வெளியேறச் சொன்னார். அவர் படுத்த கட்டிலுக்கும் விலை கேட்கப்பட்டது. துறவியர் வெளியேற்றப்பட்டிருந்த வல்டெமொசா மடத்தின் குளிர்ந்த அறையொன்றில் மழைக்காலத்தைக் கழித்துவிட்டு, முன்னரிலும் மோசமான நிலையில் 1839 பெப்ரவரியில் அத்தீவை விட்டுப் புறப்பட்டார். நல்ல காலநிலை என்று நாம் கேள்விப்படுவது பெரும்பாலும் நல்ல மாதத்துக் காலநிலையே. 1882ஆம் ஆண்டில் றொபேட் கொக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். பின்னர் மருந்துகளும் வந்தன. அந்த நோய்க்காகத் தெற்கே செல்லும் வழக்கம் மறைந்தது.

அப்படியானால் வெப்பத்தால் பயனே இல்லையா? உண்டு. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்கின்றது. மாரடைப்பும் பக்கவாதமும் குளிர்காலத்தில் கூடுகின்றன. குளிர்ந்த காற்றைச் சுவாசித்ததும் இழுப்பு வருவோரும், குளிர் பட்டதும் விரல்கள் வெளிறி மரத்துப்போவோரும் சூடான நாட்டில் மெய்யாகவே ஆறுதல் காண்கின்றனர். மூட்டு வாதத்தைப் பொறுத்தவரை ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. ஆனால் பனி உறைந்த நடைபாதையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வோமோ என்ற அச்சத்தில் ஐந்து மாதம் கதிரையில் அமர்ந்திருப்பவரின் முழங்கால் இறுகுவது இயல்பே. மாஸ்டர் பொல்லைக் கைவிட்டதற்கு யாழ்ப்பாணத்து வெயில் எவ்வளவு காரணமோ, நாள்தோறும் கோயிலுக்கும் சந்தைக்கும் நடந்ததும் அவ்வளவு காரணமென்றே எண்ணுகின்றேன்.

வெப்பத்துக்கு மறுபக்கமும் உண்டு. முதுமையில் தாகம் குறைந்தே தெரியும்; வியர்வையும் குறையும். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைப் போக்கும் மாத்திரை எடுப்போருக்கு உடலின் நீர் விரைவில் வற்றிவிடும். சிறுநீரகம் தளர்ந்தவர்கள் மேலும் கவனமாயிருக்க வேண்டும். குளிர்நாட்டு வைத்தியர் குளிர்நாட்டு உடலுக்கு எழுதிக்கொடுத்த அளவு, இங்கே சித்திரையில் பொருந்தாமற் போகலாம். புறப்படுமுன்னரும் வந்த பின்னரும் வைத்தியரிடம் அதைக் கேட்டறிவது அவசியம். மாரி மழையோடு வரும் டெங்குக் காய்ச்சலையும் மறந்துவிடலாகாது.

2003 ஓகஸ்ட் மாதத்தில் பிரான்சை வாட்டிய வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தனர். பெரும்பாலானோர் முதியோர். பிள்ளைகள் கோடை விடுமுறைக்குச் சென்றிருந்த வேளையில் பாரிஸ் நகர மாடி வீடுகளில் தனித்திருந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். எவரும் வந்து உரிமை கோராத 57 உடல்கள் செப்டெம்பர் 3ஆந் திகதி தியே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டன. நாட்டின் ஜனாதிபதி ஜாக் சிராக் நேரில் வந்து நின்றார். உறவினர் நிற்கவேண்டிய இடத்தில் ஜனாதிபதி நின்றார்! இதை வாசித்தபோது என் மனம் கனத்தது. அவர்களைக் கொன்றது வெப்பம் மட்டுமா? கதவைத் தட்டி, ஒரு குவளை தண்ணீர் கொடுத்து, “இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால் அவர்களுள் பலர் பிழைத்திருப்பார்கள் அல்லவா?

பணத்தைப் பற்றியும் கூறவேண்டும். ஆன்மிகப் பகுதியில் ஓய்வூதியக் கணக்கா என்று முகம் சுளிக்காதீர்கள். பிரித்தானிய அரச ஓய்வூதியம் பெறுபவர் ஸ்பெயினில் குடியேறினால் அத்தொகை ஆண்டுதோறும் உயரும். இலங்கையில் குடியேறினால் உயராது. வந்த நாளில் இருந்த தொகையே இறுதிவரை கிடைக்கும். வறிய முதியோருக்கான மேலதிகக் கொடுப்பனவும் நின்றுவிடும். அந்நாட்டின் இலவச மருத்துவம் அங்கே வசிப்போருக்குரியது. நிரந்தரமாக வெளியேறியவருக்கு அந்த உரிமை இல்லை. கனடாவில், 18 வயதுக்குப் பின்னர் 20 ஆண்டுகள் அங்கு வாழ்ந்தவருக்கு முதியோர் ஓய்வூதியம் எந்த நாட்டில் இருந்தாலும் கிடைக்கும். அதற்குக் குறைந்த காலம் வாழ்ந்தவருக்கு, வேறு நாட்டுடன் செய்த உடன்படிக்கையொன்று கைகொடுத்தாலன்றி, வெளியேறி ஆறு மாதங்களில் அது நின்றுவிடும். குறைந்த வருமானமுடைய முதியோருக்கான உபரித்தொகை, எவராயினும் ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் நின்றுவிடும். ஒன்ராறியோ மாகாண மருத்துவக் காப்பீட்டை இழக்காதிருக்க, பொதுவாக 12 மாதங்களுக்குள் 212 நாட்களுக்கு மேல் மாகாணத்துக்கு வெளியே இருக்கலாகாது. வீட்டை விற்றுவிட்டு வந்த பின்னர் இவற்றை அறிந்துகொள்வது மிகவும் துன்பமானது.

மொழியும் ஒரு காரணம். மறதி நோய் முற்றும்போது, பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மொழி எஞ்சுவதைப் பராமரிப்போர் பலர் கண்டிருக்கின்றனர். ஸ்பெயின் நாட்டு வைத்தியசாலையில் ஆங்கிலம் மட்டும் பேசும் முதியவருக்கும், குளிர்நாட்டு முதியோர் இல்லத்தில் தமிழ் மட்டும் எஞ்சிய நம் அன்னைக்கும் நேரும் துன்பம் ஒன்றே. தண்ணீர் கேட்பதற்கும் பாவசங்கீர்த்தனம் செய்வதற்கும் தாய்மொழி வேண்டும். இந்த ஒரு விடயத்தில் ஊருக்குத் திரும்புவோர் பேறுபெற்றோர். ஆனால் ஊரில் யார் இருக்கிறார்கள்? மாஸ்டரின் ஒழுங்கையில் ஆறு வீடுகளில் நான்கு பூட்டிக் கிடக்கின்றன.

சாமுவேல் இரண்டாம் நூலின் 19ஆம் அதிகாரத்தில் பர்சில்லாய் என்றொரு முதியவரைக் காண்கிறோம். எண்பது வயது. தன்னோடு எருசலேமுக்கு வந்து அரண்மனையில் இருக்குமாறு தாவீது அழைத்தபோது, உணவின் சுவையும் பாடலின் இனிமையும் தெரியாத வயதில் தமக்கு அது எதற்கு என்று மறுத்து, பெற்றோரின் கல்லறை அருகே இறக்கவே விரும்பினார். அவர் தமக்குப் பதிலாகக் கிம்காமை அனுப்பிவைத்ததைக் கவனியுங்கள். இளையவனுக்கு அங்கே வாழ்வு உண்டு என்பதை ஏற்றுக்கொண்டார். தம்மோடு ஊரில் இருக்கவேண்டுமென்று அவனை மறிக்கவில்லை. பிள்ளைகளுடன் இதைப் பேசும் பெற்றோரிடம் இப்பகுதியை ஒருமுறை வாசிக்கச் சொல்வதுண்டு. பிள்ளைகளிடம் சொல்வது வேறு: தாவீது அரசராயிருந்தும் முதியவரை வற்புறுத்தவில்லை, முத்தமிட்டு, ஆசி கூறி, அனுப்பிவைத்தார்.

மாஸ்டரிடம் இறுதியில் நான் சொன்னது இதுதான்: “தை மாதத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு முறை சித்திரை, வைகாசியையும் இங்கே இருந்து பாருங்கள். அதுவரை அங்கே எதையும் விற்காதீர்கள்.” அவர் இருந்து பார்த்தார். வைகாசியில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து வெளியே வந்தவர் கோயில் வாசலில் மயங்கி விழுந்தார். இளைஞர்கள் தூக்கி வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றனர். உடலில் நீர் வற்றியிருந்தது. மாத்திரையின் அளவு மாற்றப்பட்டது. மறுநாள் மகள் விமானத்தில் வந்தாள். கட்டிலருகே அமர்ந்து கோபமாகத் தொடங்கியவள், பின்னர் அழுதுவிட்டாள். “அப்பா, அங்கே நீங்கள் சிரித்து நான் பார்க்கவில்லை” என்றாள். அன்று மாலை இருவருமாகப் பேசி ஓர் ஒழுங்குக்கு வந்தனர். கார்த்திகையில் வருவது, சித்திரையில் திரும்புவது, ஒன்றுவிட்ட சகோதரியின் வீட்டில் தங்குவது, நாள்தோறும் காலையில் மகளோடு தொலைபேசியில் பேசுவது.

முதிர்ந்த பவுலடியார் சிறையிலிருந்து திமொத்தேயுவுக்கு எழுதியபோது கேட்டவற்றுள் இரண்டு இவை. துரோவாவில் கார்ப்புவின் வீட்டில் விட்டுவந்த போர்வை ஒன்று. குளிர்காலம் வருமுன்னர் திமொத்தேயுவே நேரில் வருவது மற்றது. மாஸ்டரின் தடித்த கறுப்பு மேலங்கிக்கு எங்கள் பங்குமனைதான் துரோவா. வந்திறங்கியதும் என் அறை அலுமாரியில் தொங்கவிடுவார். போகும்போது எடுத்துச் செல்வார். இவ்வாண்டு அதோடு பூச்சி உருண்டைகளும் வாங்கிவந்து, “சுவாமி, போன முறை கரப்பான் அரித்துவிட்டது” என்று சொல்லிப் பைக்குள் போட்டுவிட்டுப் போனார்.