புத்தகமும் ஊசியும் அகப்பையும்

தமிழகத்தை விட்டு வந்து தலைநகரிலும் பிற வடபுல நகரங்களிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் ஒரு நல்ல மாறுதலைக் காண்கிறோம். திருமணத்தோடு ஏட்டை மூடி வைத்த பெண்மணிகள் பலர், குழந்தைகள் பள்ளி செல்லத் தொடங்கியபின், அதே ஏட்டைத் தூசி தட்டி எடுத்து எம்.ஏ. பட்டத்துக்குப் படிக்க முற்படுகின்றனர். இது போற்றத்தக்க முயற்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும் தொடங்கியவர் எல்லாரும் முடிப்பதில்லை. முதல் ஆண்டில் ஊக்கத்தோடு படித்தவர், இரண்டாம் ஆண்டில் "வீட்டு வேலைக்கே நேரம் சரியாக இருக்கிறது" என்று ஓய்ந்துவிடுவதைக் காண்கிறோம். அவருக்கு அறிவு குறைவில்லை, ஆர்வமும் குறைவில்லை. குடும்பத்தின் காலம் பங்கிடப்படும் முறையிலேதான் குறை இருக்கிறது.

இதனை எழுதும் நான் மெட்ரிகுலேஷன் தேறி ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன். எம்.ஏ. படிப்பைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று வாசகர் வினவலாம். படிப்பவர் என் மனைவி. படிப்பவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, அவர் படும் பாட்டை நாள்தோறும் காண்பவன் நான். இதற்கு அந்தத் தகுதி போதும் என்று எண்ணுகிறேன்.

வாய்ப்பும் அதன் விலையும்

வீட்டிலிருந்தபடியே பட்டம் பெறும் வாய்ப்பு நமக்கு எளிதில் கிட்டியதன்று. தில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. தில்லியில் மைதான்கடியில் தலைமையிடம் கொண்டிருக்கும் இப்பல்கலைக்கழகத்தில் நாட்டின் எப்பகுதியில் வாழ்பவரும் சேரலாம். எம்.ஏ. படிப்புக்குக் குறைந்த அளவு இரண்டு ஆண்டு. அதற்கு மேலும் அவகாசம் உண்டு. தேர்வுகள் ஜூன், டிசம்பர் ஆகிய இரு பருவங்களில் நடைபெறுகின்றன. பாடநூல்களை 'இ-ஞானகோஷ்' என்னும் இணையக் களஞ்சியத்தில் கட்டணமின்றியே படிக்கலாம்.

வாய்ப்பு எளிது எனினும் உழைப்பு எளிதன்று. கணக்கு எழுதிப் பழகியவன் ஆதலின் இங்கே ஒரு கணக்குச் சொல்லுகிறேன். அப்பல்கலைக்கழக முறையில் ஓர் அலகு என்பது 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும். ஒருவர் ஓராண்டில் 32 அலகு எடுத்துக்கொண்டால் 960 மணி நேரம் ஆகிறது. இதனை 365 நாட்களுக்கு வகுத்தால் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நாற்பது நிமிடம் வருகிறது. தீபாவளி, பொங்கல், குழந்தைக்குக் காய்ச்சல், ஊரிலிருந்து விருந்தினர் வருகை ஆகிய நாட்களைக் கழித்தால் மூன்று மணிக்குக் குறையாது. நாள்தோறும் மூன்று மணி நேரம் எங்கிருந்து வரும் என்பதைச் சேருவதற்கு முன்பே குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும். பணம் கட்டியபின் எண்ணுவதில் பயனில்லை.

ஒரு பாதையில் ஒரு வண்டி

ரயில்வேயில் ஒரு விதி உண்டு. ஒரு நிலையத்துக்கும் அடுத்த தடுப்பு நிலையத்துக்கும் இடைப்பட்ட 'பிளாக்' பகுதியில் ஒரு பாதையில் ஒரே சமயத்தில் ஒரு வண்டிதான் செல்லலாம். முதல் வண்டி அதனைக் கடந்தபின்னரே அடுத்த வண்டிக்கு வழி கிடைக்கும். விரைவு வண்டி வரும்போது சரக்கு வண்டி கிளைப்பாதையில் ஒதுங்கி நிற்கும். சரக்கு வண்டிக்கு அதனால் இழுக்கு ஒன்றுமில்லை. தன் முறை வந்ததும் அதுவும் ஊர் போய்ச் சேரும்.

வீட்டு வேலைகளையும் இவ்வாறே வகை பிரிக்கலாம். படிப்பு, முழு நேரத்தை இடையறாது வேண்டும் வேலை. ஒரு மணி நேரத்தைப் பத்துப் பத்து நிமிடமாக ஆறு துண்டாக்கிக் கொடுத்தால் அது படிப்பாகாது. படித்த பக்கத்தையே மறுபடி படிப்பதில் அந்த ஆறு துண்டும் கழிந்துவிடும். பின்னல் முதலிய கைவேலைகளோ துண்டு நேரத்திலேயே வளர்வன. சமையலை முற்றிலும் ஒதுக்கிவைக்க இயலாது. ஆனால் சுருக்க இயலும். பிறர் கையில் ஒப்படைக்கவும் இயலும். ஆகவே முழு நேரம் புத்தகத்துக்கு, துண்டு நேரம் ஊசிக்கு, சுருங்கிய நேரம் அடுப்புக்கு என்பதே எங்கள் இல்லத்தில் நாளடைவில் அமைந்த ஒழுங்கு.

ஊசியும் நூலும்

நம்மூரில் கம்பளிக்கு வேலையில்லை. அங்கே நம் பெண்மணிகள் ஒயர் கூடை பின்னுவார்கள்; கோலமிடுவார்கள்; நவராத்திரிக் கொலுவுக்கு மணி கோத்துப் பொம்மை செய்வார்கள். தில்லிக்கு வந்தபின் கம்பளிப் பின்னல் அவ்வரிசையில் சேர்ந்துகொண்டது. குளிர்காலப் பகலில் மொட்டை மாடியில் வெயில் காய்ந்தபடியே பேச்சு ஒருபுறமும் பின்னல் ஒருபுறமுமாக அமர்ந்திருக்கும் பஞ்சாபிப் பெண்மணிகளே இதில் நமக்கு ஆசிரியர்கள். 'ஸீதா', 'உல்டா' என்னும் இரண்டு சொற்களைக் கற்றுக்கொண்டால் பாதிப் பின்னல் கைவந்துவிடுகிறது. என் மனைவி இந்தியில் சரளமாக உரையாடத் தொடங்கியதும் அந்த மாடியிலேதான்.

படிப்பவர்க்கு இக்கைவேலை வீண் சுமை என்று சிலர் கூறுகின்றனர். நான் கண்டது வேறு. இரண்டு மணி நேரம் படித்துக் களைத்த மூளை உடனே உறங்கிவிடுவதில்லை. படித்தது கலங்கிய நீர்போலக் கிடக்கிறது. அப்போது இருபது வரி பின்னினால் கலக்கம் தெளிந்து, கட்டுரைக்கு வேண்டிய வாதம் தானே வரிசைப்படுகிறது என்று என் மனைவி கூறுவதுண்டு. நேரான எளிய பின்னலாயின், கைப்பேசியில் விரிவுரையைக் கேட்டுக்கொண்டே செய்யலாம். கண்ணி குறைக்கும் கழுத்துப் பகுதிக்கும், வண்ணம் மாற்றும் பூவேலைக்கும் இது பொருந்தாது. அவற்றில் மனம் வைத்தால் விரிவுரை தவறும். விரிவுரையில் மனம் வைத்தால் கண்ணி நழுவும்.

பின்னலிலும் கணக்கு உண்டு. பத்து சென்டிமீட்டருக்கு 20 கண்ணி வருமானால் 35 சென்டிமீட்டர் அகலத்துக்கு 70 கண்ணி ஏற்ற வேண்டும். ஒன்பது வயதான எங்கள் மகள் இக்கணக்கைத் தானே போட்டுத் தாயாருக்குச் சொல்லுகிறாள். தாய் படிக்கும் வீட்டில் குழந்தைக்குப் படி என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

எனினும் எச்சரிக்கை ஒன்று கூற வேண்டும். கைவேலையில் பயன் உடனே கண்ணுக்குத் தெரிகிறது, படிப்பில் தெரிவதில்லை. ஒரு மாலைப்பொழுதில் நான்கு விரற்கடை வளர்ந்த ஸ்வெட்டரைப் பார்த்து அனைவரும் மெச்சுவார்கள். நான்கு பக்கம் படித்ததை யார் மெச்சுவார்? ஆகையால் கடினமான பாடம் வரும்போது கை தானாக ஊசியை நாடும். அன்றைய பாடம் முடிந்தபின்பே நூற்கண்டு பெட்டியிலிருந்து வெளிவர வேண்டும் என்று விதி செய்துகொள்வது நன்று. கையால் பின்னுவதே சிக்கனம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். நல்ல நூலின் விலையையும் உழைப்பையும் எண்ணினால் கடையில் தைத்து வைத்திருக்கும் ஆடை பல சமயம் மலிவு. பின்னுவது மனத்தின் இளைப்பாறலுக்கு என்று தெரிந்து பின்னினால், 'முடிக்கவில்லையே' என்ற கவலை எழாது.

டிசம்பர்த் தேர்வு எழுதுவோர் இன்னொன்றையும் கருத வேண்டும். கம்பளி தேவைப்படும் பருவமும் தேர்வுப் பருவமும் ஒன்றாகவே வருகின்றன. ஆகவே ஆகஸ்டிலேயே கண்ணி ஏற்றிவிடுவது நலம். ஓராண்டு எங்கள் நான்கு வயது மகனின் ஸ்வெட்டருக்கு உடற்பகுதி முடிந்து கைப்பகுதி தொடங்குமுன் நவம்பர் முடிந்துவிட்டது. தேர்வு எதிர்நின்றது. என் மனைவி ஊசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கையில்லாமலே ஓரம் கட்டி அணிவித்தோம். உள்ளே முழுக்கைச் சட்டை அணிந்து அதன்மேல் அதனைப் போட்டுக்கொண்ட சிறுவன், தன் தந்தையின் கையில்லா ஸ்வெட்டரைப் போலவே தனக்கும் கிடைத்தது என்று பெருமிதத்தோடு திரிந்தான். தாயார் அத்தேர்வில் தேறினார். ஒயர் கூடையைப் பொறுத்தவரை, தேர்வுக்கு முந்திய வாரத்தில் அதனைத் தொடாமலிருப்பதே நல்லது. இழுத்து முடிந்து விரல் நொந்தபின் மூன்று மணி நேரம் எழுதுவது எளிதன்று.

அடுப்படிச் சுருக்கம்

சமையலைச் சுருக்குவது என்றால் உணவைக் கெடுப்பது என்று பொருளன்று. குக்கரின் அடுக்குகளில் அரிசி, பருப்பு, காய் மூன்றும் ஒரே வேளையில் வெந்துவிடும். பருப்பில் பாதி ரசத்துக்கும் பாதி கூட்டுக்கும் ஆகும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் செலவிட்டுப் பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு ஆகியவற்றைச் செய்து வைத்துக்கொண்டால், வாரத்தின் நடுவில் எழும் 'இன்று என்ன சமைப்பது?' என்ற கேள்வி பாதி ஓய்ந்துவிடும். மிளகுக் குழம்பு இரண்டு மூன்று நாள் தாங்கும், குளிருக்கும் ஏற்றது.

தில்லியின் ஜனவரிக் குளிரில் இட்லி மாவு ஓர் இரவில் பொங்கி வருவதில்லை. பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி வைத்தும் மறுநாள் நண்பகல்வரை காத்திருக்க நேரும். புளிக்க வேண்டாத அடை, வெண்பொங்கல், உப்புமா ஆகியவை அந்நாட்களில் கைகொடுக்கும். பட்டாணியும் காலிஃபிளவரும் காரட்டும் மலிவாகக் கிடைக்கும் அக்காலத்தில் ஒரு கிச்சடியே முழு உணவாகிவிடும். நாள்தோறும் குழம்பு, ரசம், இரண்டு கறி, அப்பளம் என்று இலை நிறையாவிட்டால் குடும்ப கௌரவம் குறையும் என்று கருதுவோர், அந்த இரண்டாவது கறிக்காக ஒரு பெண்மணி தம் பாடத்தில் எத்தனை பக்கத்தை இழக்கிறார் என்பதையும் கருத வேண்டும்.

கரண்டி யார் கையில்?

இதுகாறும் கூறியவை சிறு உபாயங்கள். அனைத்திலும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. சுருங்கிய சமையலையும் யார் செய்வது?

வரலாற்றிலிருந்து ஒரு சான்று தருகிறேன். இளம் வயதிலேயே கைம்மை எய்திய சகோதரி சுப்பலட்சுமி 1911-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, மறு ஆண்டே இளம் விதவைகளின் கல்விக்காகப் பணி தொடங்கினார். அவர் பெயரை அறிவோம். அவர் படிப்பதற்குத் தந்தையார் காட்டிய உறுதியையும், உடன் வாழ்ந்து இல்லப் பொறுப்பில் துணைநின்ற சிற்றன்னை வாலாம்பாள் அம்மையாரையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஒருவர் பட்டம் பெறும்போது அவர் பின்னே இன்னொருவர் கரண்டி பிடித்திருக்கிறார்.

ஊரிலாயின் தாயோ மாமியாரோ நாத்தனாரோ அந்த இடத்தை நிரப்புவார்கள். இங்கே குவார்ட்டர்ஸில் இருப்பது நாமும் நம் குழந்தைகளுமே. ஆகவே கணவன்மார் அந்த இடத்தில் நிற்பதுதான் முறை. என் பணி நேரம் வாரந்தோறும் மாறுவது. காலைப்பணி வாரத்தில் இரவுச் சமையலும், மாலைப்பணி வாரத்தில் காலைச் சமையலும் என் பொறுப்பு. என் ரசம் பெரும் புகழுக்குரியதன்று. ஆயினும் அதைக் குடித்து எவரும் நோயுற்றதில்லை.

ஜூன் தேர்வில் வேறொரு சிக்கல் எழுகிறது. ஊரில் பள்ளி விடுமுறை விட்டதும் ஆக்ரா, ஹரித்துவார் காண விரும்பும் உற்றார் மே மாதத்தில்தான் வருகின்றனர். வாராதீர் என்று சொல்லுவது நம் பண்பன்று. ஆனால் வீட்டில் தேர்வு நடக்கிறது என்று முன்கூட்டியே தெரிவிப்பதில் தவறில்லை. அவ்வாறு தெரிவித்தபோது என் தாயார், "நீ படி அம்மா, சாம்பார் வைக்க எனக்குத் தெரியாதா?" என்று என் மனைவியின் கையிலிருந்த அகப்பையை வாங்கிக்கொண்டார். பெரியவர்களிடம் கேட்காமலே அவர்கள் உதவமாட்டார்கள் என்று நாமாக முடிவு செய்வது அவர்களுக்கு நியாயம் செய்வதாகாது.

அன்பர்களே! நம் இல்லத்தில் படிக்கும் பெண்மணியின் கையில் ஊசி இருக்கட்டும். விரும்பினால் அகப்பையும் இருக்கட்டும். பின்னலும் சமையலும் இழிவான வேலைகள் அல்ல. படிப்பவர்க்கு அவை இன்பமும் தரலாம். ஆனால் புத்தகம் கையில் இருக்கும் அந்த மூன்று மணி நேரத்தில் "தண்ணீர் எங்கே? சட்டை எங்கே?" என்று குறுக்கே செல்லாதிருப்போம். இத்தீர்மானத்துக்கு வருமான வரம்பு இல்லை, உயர்கல்வியும் வேண்டியதில்லை. மெட்ரிகுலேஷன் படித்தவனுக்கும் இது இயலும். அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பம் எழுத அமரும் குடும்பங்கள், கட்டணத்தைக் கணக்கிடும்போதே சமையல் முறையையும் ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.